வேகத்தில் திணறும் பழைய ராணுவ லாரி: கேள்வி பதில்

கேள்வி: 1943 ஜிஎம்சி சிசிகேடபிள்யூ ராணுவ லாரி, ஆறு சிலிண்டர் 270 (கன அங்குல) எஞ்சின். நின்ற இடத்தில் சீராக ஓடுகிறது. 35 மைல் வேகத்தைத் தாண்டினால் குலுக்கித் திணறுகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. கார்புரேட்டர், பிளக், கன்டென்சர் (தீப்பொறிச் சுற்றில் உள்ள கெபாசிட்டர்) எல்லாம் மாற்றியாகிவிட்டது. அடுத்து எதை மாற்றுவது?

பதில்: எதையும் மாற்றாதீர்கள். குறை பெட்ரோலிலா, தீப்பொறியிலா என்பதை முதலில் பிரித்தாக வேண்டும். திணறும் நேரத்தில் சோக்கை (காற்றைக் குறைக்கும் தடுப்பு) பாதி இழுத்துப் பாருங்கள். இழுவை திரும்பினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம். எந்த மாற்றமும் இல்லையென்றால் கரண்ட் பக்கம், அதாவது தீப்பொறிப் பக்கம் போங்கள்.

காலை எடுத்ததும் தேறுகிறது என்கிறீர்கள். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் காலியாகி மறுபடி நிரம்பும்போது இப்படித்தான் நடக்கும், அதனால் என் சந்தேகம் பெட்ரோல் வரத்தின் மேல். கணக்கு போட்டுப் பாருங்கள். இந்த லாரியின் டேங்க் 40 கேலன், ஒரு தடவை நிரப்பினால் ஏறக்குறைய 300 மைல். அதாவது லிட்டருக்கு 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 45 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 380 மில்லி போகிறது, மேட்டில் இதைவிட அதிகம். ஐடிலிங்கில் இதில் சிறு பங்குகூடத் தேவையில்லை. அதனால்தான் பாதி செத்த பம்ப் நின்ற இடத்தில் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கிறது.

சோதனை இது. கார்புரேட்டருக்கு ஒரு சிறு கேனை உயரத்தில் வைத்து நேராகப் பெட்ரோல் கொடுங்கள். பம்பிலிருந்து வரும் குழாயைத் தனி பாட்டிலில் விடுங்கள். எஞ்சினை ஐடிலிங்கில் ஓட்டி நேரம் பாருங்கள்: அரை லிட்டர் முக்கால் நிமிடத்துக்குள் விழ வேண்டும். கேனும் பாட்டிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளி இருக்கட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: அதே சோதனையைச் செய்தேன். பெட்ரோல் குறைவாகத்தான் வருகிறது, நடுநடுவே குமிழும் வருகிறது. பம்ப் டயஃப்ரம் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் ரப்பர் சவ்வு) போய்விட்டதா?

பதில்: குமிழ் வந்தால் பம்பைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டாம். பம்புக்கும் டேங்குக்கும் நடுவே இருப்பது உறிஞ்சும் குழாய். அங்கே வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். கீழே ஈரம் தெரியாததால் பலர் இதைத் தவற விடுகிறார்கள். சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் துண்டு, கண்ணாடிக் கிண்ணத்தின் கேஸ்கட், நட்டு போட்ட மூட்டுகள் என்ற வரிசையில் பாருங்கள். பம்புக்கு முன்னால் ஒரு சாண் உள்ளே தெரியும் ஹோஸ் மாட்டினால் காற்று கண்ணில் படும். பிறகு பம்பின் வாயில் நேரடியாகக் கேனை மாட்டி அளவெடுங்கள். அப்போதும் குறைந்தால்தான் பம்ப். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய டயஃப்ரமும் ரப்பரும் தாங்காது. அதற்கென வரும் ரகத்தையே போடுங்கள்.

கேள்வி: என் லாரி அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மெல்லச் செத்துப்போகிறது. பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது.

பதில்: நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் காற்றுத் துளை அடைப்பு. சத்தம் இல்லையென்றால் டேங்குக்குள் எட்டிப் பாருங்கள். எப்போதோ பூசிய உட்பூச்சு உரிந்து உறிஞ்சும் குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும், எஞ்சின் நின்றதும் விழுந்துவிடும். துருச் செதிலும் அதே வேலையைச் செய்யும். குழாயில் காற்றை ஊதிச் சரியானதும் "சுத்தமாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். அந்தச் செதில் இன்னும் டேங்கில்தான் கிடக்கிறது.

கேள்வி: டாட்ஜ் எம்37. மெல்லத் திணறுவதில்லை, சுவிட்சை அணைத்துப் போட்டது போல வெட்டி வெட்டி விடுகிறது. சைலன்சரில் வெடிச் சத்தமும் உண்டு.

பதில்: இது கரண்ட். பெட்ரோல் தீர்ந்தால் எஞ்சின் சோர்ந்து சாகும், தீப்பொறி போனால் வெட்டிச் சாகும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் வெடிப்பதும் அதனால்தான். கார்புரேட்டர் வழியாகத் தும்மியிருந்தால் வேறு கதை, அது பெட்ரோல் குறைவின் குணம்.

எம்37-இல் 24 வோல்ட். பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்ணீர் புகாதபடி மூடியது, வோல்டேஜை ஏற்றும் காயிலும் அதற்குள்ளேயே. மூடியைக் கழற்றாமல் எதையும் பார்க்க முடியாது என்பதால் பாயிண்ட் (காயிலின் கரண்டை வெட்டி வெட்டி விடும் சுவிட்ச்) பல வருடம் பராமரிப்பில்லாமல் கிடக்கும். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜில் வையுங்கள். கையில் ஷாஃப்ட்டை ஆட்டிப் பாருங்கள்: புஷ் தேய்ந்து ஆடினால் வேகத்தில் இடைவெளி நிலையாக இருக்காது, எத்தனை தடவை வைத்தாலும் பயனில்லை. பாயிண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதிக ஆர்பிஎம்மில் கேமைப் பின்தொடராமல் மிதக்கும். உள்ளே போகும் ஒயரை வளைத்துப் பாருங்கள், உறைக்குள் இழை அறுந்து வெளியே முழுசாகத் தெரியும். கன்டென்சரும் காயிலும் சூட்டில் மட்டும் கைவிடும், எனவே சூடான எஞ்சினில் சோதியுங்கள். அவசரத்துக்கு 12 வோல்ட் காயிலை மாட்டிப் பார்க்க வேண்டாம், எரிந்துபோகும்.

அந்த டிஸ்ட்ரிபியூட்டரில் காற்றோட்டக் குழாய்களும் உண்டு. எஞ்சினின் உறிஞ்சு விசைப் பக்கம் (வேக்கம்) போகும் குழாய் வெடித்திருந்தால் எஞ்சினுக்குள் தேவையில்லாத காற்று போகும். இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 6 வோல்ட் வண்டிக்குத் தனியாக ஏதாவது?

பதில்: மீட்டரை எடுத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரி பாசிட்டிவுக்கும் காயில் உள்வாய்க்கும் இடையே அளவெடுங்கள். அரை வோல்ட் காணாமல் போனாலே 8 சதவீதம் போச்சு. பெரும்பாலும் இக்னிஷன் சுவிட்சும் ஒயர் மூட்டுகளுமே திருடர்கள்.

கேள்வி: எல்லாம் சரி, ஆனால் 45 மைலில் ஏறி இறங்கி அலைபாய்கிறது.

பதில்: சிசிகேடபிள்யூவா? அதன் உச்ச வேகமே 45 மைல்தான். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் தன் வேலையைச் செய்கிறது. அதை நோயென்று பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

கேள்வி: எம்35ஏ2 லாரி, மல்டிஃபியூல் (பல எரிபொருளிலும் ஓடும் டீசல் வகை எஞ்சின்). மேட்டில் திணறுகிறது. இதற்கு ஏது பாயிண்ட், ஏது பிளக்?

பதில்: புகையைப் பாருங்கள். கறுப்புப் புகையோடு திணறினால் காற்று போதவில்லை: ஏர் கிளீனரும் டர்போ ஹோஸும். புகையே இல்லாமல் இழுவை போனால் எரிபொருள் போதவில்லை. டேங்கினுள் இருக்கும் எலக்ட்ரிக் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று சுவிட்சைப் போட்டுக் காது வையுங்கள். அது செத்தாலும் இன்ஜெக்‌ஷன் பம்பே உறிஞ்சி ஓட்டிவிடும், லோடில்தான் மானம் போகும். பிறகு ஃபில்டர்கள் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

கேள்வி: பெட்ரோலும் கரண்டும் பார்த்தாயிற்று. மீதி என்ன?

பதில்: மேனிஃபோல்டில் வேக்கம் கேஜ் மாட்டி ஆர்பிஎம்மை ஏற்றுங்கள். ஏற ஏற முள் அதிகமாகத் துடித்தால் வால்வ் ஸ்பிரிங் தளர்ச்சி. ஏற்றிப் பிடித்த இடத்தில் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் சைலன்சர் அடைப்பு; உள்தடுப்பு கழன்று குறுக்கே விழுந்திருக்கும், வெளியே தட்டினால் கலகலக்கும். ஒரே சிலிண்டரின் பிளக் மட்டும் நிறம் மாறியிருந்தால் அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷனை அளந்துவிட்டு, அதோடு ஒட்டிய மேனிஃபோல்ட் கேஸ்கட்டையும் பாருங்கள்.