கால் வீக்கத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்

வெள்ளவத்தை வாசகி, வயது 34: ஷாம்புவில் பராபென், டியோடரண்டில் அலுமினியம் என்று இணையத்தில் வாசித்துப் பயந்துபோனேன். புறக்கோட்டையில் வாங்கிய வெள்ளையாக்கும் கிரீமை 7 மாதமாகப் பூசுகிறேன். டப்பாவில் மூலப்பொருள் விபரம் இல்லை. 3 வயது மகள் என்னோடுதான் படுப்பாள். அவளுக்கும் நஞ்சு ஏறியிருக்குமா? பின்னேரங்களில் கால் வீங்குவதால் பார்லித் தண்ணீர் குடிக்கிறேன்.

மருத்துவர் பதில்: ஷாம்புவை விடுங்கள், அது தலையில் இருப்பதே இரண்டு நிமிடம். டியோடரண்டால் புற்றுநோய் வரும் என்பதற்கும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை. உங்கள் கால் வீக்கம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

விபரம் ஒட்டாமல் விற்கும் வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசம் அடிக்கடி பிடிபடுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுத்துத்தான் அது நிறத்தை வெளுக்க வைக்கிறது. தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். அங்கே வடிகட்டி பழுதானால் அல்புமின் என்ற புரதம் சிறுநீரோடு ஒழுகும்; இரத்தத்தில் அது குறையக் குறைய, நீர் காலிலும் கண்ணிமையிலும் சேரும். காலையில் கண் உப்பியிருக்கிறதா? சிறுநீரின் நுரை சில நிமிடம் கழித்தும் அடங்காமல் நிற்கிறதா? இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பார்லித் தண்ணீர் இந்த ஒழுக்கை நிறுத்தாது. பாமசியில் 'நீர் இறங்கும் குளிசை' கேட்டு வாங்குவது அதைவிட மோசம்: கால் வற்றிவிடும், நோய் உள்ளே வளரும்.

கிரீமை இன்றே நிறுத்துங்கள். நாளைக்கே யூ.எஃப்.ஆர் (முழுச் சிறுநீர்ப் பரிசோதனை), கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) செய்து பிரஷரும் பாருங்கள். சிறுநீர் அறிக்கையில் புரதம் ஒரு பிளஸ் (+) என்று வந்தாலும் டப்பாவோடு மருத்துவரிடம் போய், சிறுநீரில் பாதரச அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தேசிய நச்சுத் தகவல் நிலையத்தில் அவர் ஆலோசனை கேட்கலாம். நேரத்தோடு நிறுத்தியவர்களில் பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் சிறுநீரகம் தேறிவிடுகிறது. புரதம் இல்லாவிட்டால் வீக்கத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

மகளைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. உங்கள் கன்னத்திலிருந்தும் தலையணை உறை, துவாயிலிருந்தும் பாதரசம் அவளிடம் போகலாம்; ஆவியாகி மூச்சோடும் போகும். அவளுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். கை கால் சிவந்து உரிந்தாலோ, காரணமின்றிச் சிணுங்கிக்கொண்டே இருந்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முகம் பட்ட உறைகளையும் துவாய்களையும் இனிப் பாவிக்க வேண்டாம். டப்பாவை இறுக மூடி, இரண்டு பொலித்தீன் பையில் கட்டி, அவள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சிங்கில் கழுவி ஊற்றாதீர்கள்.

இத்தகைய கிரீம்களில் ஸ்டெரொய்ட்டும் கலந்திருப்பதுண்டு. அப்படியானால் நிறுத்திய சில நாட்களில் முகம் சிவந்து எரியும், பருக்கள் கிளம்பும். பலர் இந்த இடத்தில்தான் பயந்து மறுபடி பூசுகிறார்கள். பூசாதீர்கள், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.