தேங்காய்ப்பாலும் பால்தானா?

கேள்வி: என் மகள் இஸ்ரேலில் ஒரு யூத மூதாட்டியைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். பால் காய்ச்சிய கரண்டியால் அடுப்பில் கொதித்த இறைச்சிச் சூப்பைத் துழாவிவிட்டாள் என்று வீடே குழம்பிவிட்டதாம். ஒரு கரண்டியில் அப்படி என்ன இருக்கிறது? நம்மூர் ஆட்டிறைச்சிக் கறியைத் தேங்காய்ப்பால் விட்டு அங்கே சமைக்கலாமா?
– ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அந்தக் கரண்டியில் பால் ஊறியிருக்கிறது என்பதுதான் அம்மூதாட்டியின் கவலை. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்ற கட்டளை யூத வேதத்தின் யாத்திராகமத்தில் இரு முறையும் (23:19, 34:26) உபாகமத்தில் ஒரு முறையும் (14:21) வருகிறது. ஒரே கட்டளை மூன்று இடங்களில் வீணாக வந்திராது என்று கொண்ட யூத அறிஞர்கள், பாலையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைப்பது, உண்பது, அதனால் வேறு பயன் பெறுவது ஆகிய மூன்றுமே விலக்கு என்று தங்கள் பழைய சட்ட விளக்க நூலான தல்மூதில் விளக்கினார்கள். கோழிக்குத் தாய்ப்பால் ஏது என்று நீங்கள் கேட்கக்கூடும். முற்காலத்தில் கலிலேயரான ரபி (யூத மதகுரு) யோசேயின் ஊரில் கோழியைப் பாலோடு உண்டார்கள் என்றே தல்மூது சொல்கிறது, ஆனால் பின்னர் அதுவும் விலக்காயிற்று. மீனும் முட்டையும் பால் வகையும் அல்ல, இறைச்சி வகையும் அல்ல.

கரண்டிக்கு வருவோம். மீன் காய்ச்சிய மண்சட்டியை எத்தனை தரம் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும், அடுப்பில் சூடேறியதும் அதன் மணம் மெல்லக் கிளம்புவதை நீங்கள் அறிவீர்கள். அதனால்தானே மச்சச் சட்டியை வேறாக வைத்து, வெள்ளிக்கிழமைகளிலும் வற்றாப்பளைப் பொங்கல் காலத்திலும் அதைத் தொடாமல் விடுகிறோம்? யூதச் சட்டமும் சூட்டில் சுவை பாத்திரத்துக்குள் இறங்கும் என்றே கொள்கிறது. உலோகக் கரண்டியைக் கொதிநீரில் அமிழ்த்தி மீட்கலாம். மண்சட்டிக்கு அந்த வழி இல்லை. சூப்பில் அமிழ்ந்த கரண்டிப் பகுதியைப் போல 60 மடங்கு சூப் இருந்ததா, கரண்டி கடைசியாகச் சூடான பாலில் பட்டு 24 மணி நேரம் கடந்ததா என்றெல்லாம் பார்த்துத்தான் ரபி தீர்ப்புச் சொல்வார். நமக்கு இவ்விலக்கு சில நாட்களுக்கு மட்டும். அவர்களுக்கோ நாள்தோறும், ஆகவே சட்டி, தட்டு, பாத்திரம் துடைக்கும் துணி வரை எல்லாம் இரண்டு வகை. இறைச்சி உண்டபின் பால் தேநீருக்குப் பலர் 6 மணி நேரம் காத்திருப்பார்கள். ஜெர்மனிய வழக்கில் 3 மணி நேரம், ஒல்லாந்து வழக்கில் 1 மணி நேரம்.

உங்கள் ஆட்டிறைச்சிக் கறிக்குத் தடை இல்லை. தேங்காய்ப்பால் பாலே அன்று. இறைச்சி அவர்களின் முறைப்படி அறுக்கப்பட்டதாக இருக்க வேண்டும், தாளிக்க நெய் கூடாது. தேங்காய்ப்பால் மாவுப் பொதிகள் சிலவற்றில் பாற்புரதம் கலந்திருப்பதால், தேங்காயைத் துருவிப் பிழிவதே பயமற்ற வழி. ஆனால் வெள்ளைக் குழம்பைப் பார்ப்பவர் பால் என்று நினைத்துவிடலாமே? 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோ நகரில் வாழ்ந்த ரபி மோசே இசர்லெஸ், பாதாம்பாலில் இறைச்சி சமைத்தால் பக்கத்தில் சில பாதாம் பருப்புகளை வைக்கச் சொன்னார். உங்கள் மகள், எந்தச் சட்டியில் சமைப்பது என்று மூதாட்டியிடம் முதலில் கேட்டுக்கொண்டு, கறிக்கோப்பையின் அருகே இரண்டு தேங்காய்ச் சொட்டுகளை வைக்கட்டும்.