குச்சி, நிழல், கடிகாரம்: இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாமா?

கே: சார், ஜிபிஎஸ் இல்லாமல் சூரியனையும் கைக்கடிகாரத்தையும் வைத்தே நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல முடியுமா?

ப: முடியும். தேதியும் தெரிய வேண்டும். உச்சிப்பொழுது நிழல் எவ்வளவு நீளம் என்பதிலிருந்து அட்சரேகை கிடைக்கும். உச்சி எத்தனை மணிக்கு வந்தது என்பதிலிருந்து தீர்க்கரேகை.

கே: மார்ச் 20 அன்று மொட்டைமாடியில் ஒரு மீட்டர் குச்சி நட்டோம். குறைந்த நிழல் 17.5 செ.மீ., மணி 12.25. எந்த ஊர் என்று சொல்லுங்கள் பார்ப்போம்!

ப: எனக்கே பரீட்சையா? சரி. அன்று சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. 0.175-க்கு கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ் போட்டால் 9.9 டிகிரி, அதுதான் உங்கள் அட்சரேகை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கு ரேகைக்கு உரியது. அன்று சூரியன் கடிகாரத்துக்கு ஏழரை நிமிடம் பிந்தி வருவதால் அங்கே உச்சி 12.07½. உங்களுக்கு அதற்கு மேலும் பதினேழரை நிமிடம் ஆகியிருக்கிறது. 4 நிமிடத்துக்கு 1 டிகிரி என்றால் 4.4 டிகிரி மேற்கே, அதாவது 78.1. மதுரைப் பக்கம்தானே?

கே: மதுரையேதான்! ஆனால் 12.25 என்பது குத்துமதிப்பு. நிழல் குறைவதே தெரியவில்லை, சார்.

ப: தெரியாது தம்பி. பத்து நிமிடம் முன்பின் போனாலும் நீளம் அரை சென்டிமீட்டர்தான் கூடும். காலை பத்தரைக்கு நிழல் நுனியில் புள்ளி வைத்து, குச்சியடியை மையமாக்கி அதன் வழியே கயிற்றால் வட்டம் போடுங்கள். பிற்பகலில் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் நட்டநடு நேரம்தான் உச்சி. கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு என்னும் குச்சியை நட்டுத் திசை பார்ப்பதும் இந்த வட்டத்தை வைத்துத்தான்.

கே: ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் நண்பகல் நிழலே விழாதே?

ப: அன்று கணக்கே வேண்டாம். சூரியன் பூமத்திய ரேகைக்கு எத்தனை டிகிரி வடக்கே இருக்கிறதோ அதுவே அட்சரேகை, சுமார் 13. அதன்பின் ஆகஸ்ட் 18 வாக்கு வரை உச்சி நிழல் தெற்கே விழும். அப்போது நிழல் கோணத்தைச் சூரியனின் டிகிரியோடு கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கே: கடிகாரம் ஒரு நிமிடம் தவறினால்?

ப: தீர்க்கரேகை கால் டிகிரி தள்ளிப்போகும், நம் பக்கத்தில் 27 கி.மீ. நிழலை 1 செ.மீ. தப்பாக அளந்தால் அதைவிட மோசம், வடக்கு தெற்காக 60 கி.மீ. ஓடிவிடும். கரையில் பெரிய குச்சி நட்டுச் சமாளிக்கலாம். கடலில் அட்சரேகைக்குக் கருவி இருந்தது, நம்பகமான கடிகாரம்தான் இல்லை. கடலில் தீர்க்கரேகை காணும் வழிக்கு பிரிட்டன் 1714-இல் பெரும் பரிசே அறிவித்தது. கடிகாரம் செய்பவரான ஜான் ஹாரிசனின் எச்4 கடிகாரம் 1761-இல் ஜமைக்காவுக்குக் கப்பலேறி, ஆட்டத்திலும் நேரம் காத்துக் காட்டியது.

கே: உச்சி நேரத்தில் மேகம். மாலை 4 மணிக்கு ஒரே ஓர் அளவு போதுமா?

ப: நிழலிலிருந்து கிடைக்கும் சூரியனின் உயரம், அதாவது அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி மேலே என்பது மட்டும் என்றால் போதாது. அது பூமியின் மேல் ஒரு வட்டத்தைத்தான் தரும். அந்த வட்டத்தில் எங்கே நின்றாலும் சூரியன் அதே உயரம். காலையில் எடுத்த அளவு இருந்தால் இரண்டு வட்டங்களும் வெட்டும் இரண்டு இடங்களில் ஒன்று உங்களுடையது. மற்றது பெரும்பாலும் வெகுதூரத்தில் இருக்கும், பார்த்ததும் தள்ளிவிடலாம்.