கம்யூனிட்டி காலேஜில் மனித வளர்ச்சி, குடும்பவியல் படித்தால் வேலை கிடைக்குமா?

கலிஃபோர்னியாவில் இருக்கிறீர்கள், கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருடக் கல்லூரியில் இதைப் படித்தால் வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, அதுவும் பட்டம் முடியும் முன்பே.

மாநில அரசு நிதியில் நடக்கும் பாலர் பள்ளிகளில் வேலை பார்க்க அனுமதிச் சான்று வேண்டும். இணை ஆசிரியர் நிலைக்குக் குழந்தை வளர்ச்சி சார்ந்த பாடங்களில் 12 யூனிட், கூடவே கொஞ்சம் வகுப்பறை அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 12 யூனிட் என்பது பெரும்பாலும் நான்கே பாடங்கள். கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டு வருட அசோசியேட் பட்டத்துக்கு 60 யூனிட்.

படிப்பு ஏதோ குழந்தை வளர்ப்புக் குறிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பியாஜே, எரிக்சன், பிரான்ஃபன்பிரென்னர் என்று மனித வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர்கள் எல்லாரும் வருவார்கள். என்னைக் கேட்டால், குழந்தைகளைக் கவனித்து எழுதும் பயிற்சிதான் இதில் சரக்கு. "பையன் கட்டைக் கோபுரத்தைத் தட்டிவிட்டான்" என்று எழுதலாம்; "கோபத்தில் தட்டிவிட்டான்" என்றால் அது உங்கள் ஊகம், கவனிப்பு இல்லை. கேட்க எளிது, எழுதிப் பாருங்கள்!

சம்பளம் சுமார்தான். அதனால் நான்கு வருடப் பட்டத்துக்கு மாறும் எண்ணத்தோடு சேருவது நல்லது. எந்தப் பாடம் கலிஃபோர்னியாவின் எந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பாடங்களைப் பதிவு செய்யும் முன்பே பார்த்துவிடுங்கள். அப்புறம் ஆலோசகரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.