பழைய ஆங்கில பைபிளில் வரும் 'விஸ்ட்', 'வாட்' என்ன சொற்கள்?

இரண்டும் வழக்கொழிந்த ஒரே வினைச்சொல்லின் வடிவங்கள். 'விட்' என்றால் அறிதல். 'வாட்' அதன் நிகழ்காலம், 'விஸ்ட்' இறந்தகாலம். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், சிறுவன் இயேசு பெற்றோரிடம் "அறியீர்களா" என்று கேட்கும் இடத்தில் (லூக்கா 2:49) 'விஸ்ட் யீ நாட்' என்றுதான் இருக்கிறது.

இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பிறப்பு. மூலவேரின் பொருள் 'பார்த்தல்'. 'வாட்' பழங்காலத்தில் செயல் முடிந்துவிட்டதைக் காட்டும் ஒரு வினை வடிவம்: கண்டுவிட்டேன், ஆகவே அறிவேன். சமஸ்கிருதத்திலும் அச்சு அசலாக இதே கதைதான். அங்கே 'வேத' என்றால் 'அறிவேன்'. வேதம் என்ற சொல்லும் அதே வேர்தான். அந்த வேரின் லத்தீன் கிளை பார்வையோடு நின்றது, அதிலிருந்துதான் வீடியோ வந்தது.

சரி, 'விட்' ஏன் மறைந்தது? பழைய ஆங்கிலத்தில் ஒரு செய்தியை அறிவதற்குப் பெரும்பாலும் இந்தச் சொல். ஆளை இனங்காண்பதற்கு, அறிதல் என்ற பொருளில் இன்று வழங்கும் 'நோ'வின் மூதாதை. ஜெர்மானியர் 'விஸ்ஸன்', 'கென்னன்' என்று இன்றும் பிரித்தே பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் 'நோ' இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டது. ஆனாலும் 'விட்னஸ்' (சாட்சி), 'அன்விட்டிங்' (அறியாமல் செய்யும்) போன்ற சொற்களிலும், சட்ட ஆவணங்களில் 'அதாவது' என்ற பொருளில் வரும் 'டு விட்' என்பதிலும் பழைய வினை இன்னும் இருக்கிறது.