கேமரா திறந்தால் கருப்புத் திரை: போர்டு போச்சா, ஆப் மக்கரா?

கேள்வி: மூன்று வருடமாகக் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன். நாலு நாளாகப் பின்பக்கக் கேமராவைத் திறந்தால் வெறும் கருப்புத் திரைதான். சில சமயம் ‘கேமராவைத் திறக்க முடியவில்லை’ என்று வருகிறது. செல்ஃபி கேமராவில் குறை இல்லை. ரிப்பேர் கடையில் காட்டினேன். கையில் வாங்கிய இரண்டாவது நிமிடமே, ‘போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க’ என்றார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். போனைப் பிரிக்காமலே போர்டு (உள்ளே இருக்கும் முதன்மை மின்சுற்றுப் பலகை) மேல் பழி போடுவது சுலபம். செல்ஃபி கேமரா ஒழுங்காக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. கேமரா மொத்தமும் ஆஃப் ஆகியிருந்தாலோ அனுமதி பறிபோயிருந்தாலோ இரண்டு பக்கமும் சேர்ந்தே படுத்திருக்கும். (ஆண்ட்ராய்டு 12 முதல், மேலிருந்து இழுக்கும் பட்டையில் கேமராவை அடியோடு நிறுத்தும் பட்டன் ஒன்று உண்டு. கைபட்டு அதை அணைத்துவிட்டு சர்வீஸ் சென்டர் வரை போனவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கதை அது இல்லை.)

முதலில் போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம், கேமரா ஆப்பை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் யாருக்காவது வீடியோ கால் போட்டுப் பின்பக்கக் கேமராவுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே படம் தெரிந்தால் வன்பொருள் நன்றாக இருக்கிறது, கோளாறு கேமரா ஆப்பில்தான். செட்டிங்ஸில் ஆப் பட்டியலுக்குப் போய், கேமராவின் கேச் (cache) என்ற தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள். அதிலும் சரியாகவில்லையென்றால் டேட்டாவையும் அழிக்கலாம். எடுத்த படங்கள் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், அவை வேறிடத்தில் இருக்கின்றன. நீங்கள் மாற்றி வைத்த கேமரா செட்டிங்குகள்தான் பழைய நிலைக்குத் திரும்பும்.

வீடியோ காலிலும் கருப்புதானா? போனை சேஃப் மோடில் திறந்து பாருங்கள். நீங்கள் இறக்கிய ஆப்கள் எதுவும் அதில் ஓடாது. அங்கே கேமரா வேலை செய்தால், ஏதோ ஒரு ஆப் பின்பக்கக் கேமராவைப் பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. கடைசியாக எதை இறக்கினீர்களோ அதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கி வாருங்கள்.

இதிலும் மசியவில்லையென்றால் விரலை வைத்து ஒரு சோதனை. பின்பக்கம் இரண்டு மூன்று லென்ஸ் இருக்குமே, கேமரா ஆப்பில் ஜூம் எண்ணை 0.5 அல்லது 0.6, 1, அதற்கு மேல் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கருப்பு, மற்றதில் படம் என்றால் அந்த ஒரு கேமராதான் போயிருக்கிறது. படம் எந்த லென்ஸிலிருந்து வருகிறது என்று தெரிய, ஒவ்வொன்றாக விரலால் மூடுங்கள். இதை நல்ல வெளிச்சத்தில், தூரத்துப் பொருளை வைத்துச் செய்ய வேண்டும். வெளிச்சம் குறைந்தாலோ பொருள் பக்கத்தில் இருந்தாலோ, ஜூம் போட்டாலும் போன் மெயின் லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் காட்டிவிடும்.

கேமரா என்பது தனி மாட்யூல், அதாவது தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய பாகம். பட்டையான ஒரு கேபிள், நுனியில் சின்ன கனெக்டர், அதை போர்டில் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். கீழே விழுந்த அதிர்ச்சியில் அது லேசாகக் கழன்றாலும் கருப்புத் திரைதான் வரும். போனைத் தட்டினால் கொஞ்ச நேரம் உயிர் வருகிறதா? அப்படியானால் சந்தேகம் இங்கேதான். (தட்டுவது வைத்தியம் ஆகாது, அறிகுறிதான்.) கனெக்டரைக் கழற்றி மாட்டியும் சரியாகவில்லையென்றால், அதே மாடலின் நல்ல மாட்யூலைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் ஓடாவிட்டால்தான் போர்டைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. ஆகவே கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘வேற மாட்யூல் போட்டுப் பாத்தீங்களா?’

போனில் உள்ளதை எல்லாம் அழித்துப் புதுப் போன் நிலைக்குக் கொண்டுபோகும் ஃபேக்டரி ரீசெட்டை ஆளாளுக்குச் சிபாரிசு செய்வார்கள். ஒரு லென்ஸ் மட்டும் செத்திருந்தால் அது அநேகமாக வெட்டி வேலை.

கேள்வி: கேமரா திறந்ததும் படம் ஜெல்லி மாதிரி நடுங்குகிறது, மெல்லிய இரைச்சலும் கேட்கிறது. தினமும் பைக் ஹேண்டிலில் போனை மாட்டி வழி பார்த்துப் போகிறேன். சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்க நிறைய வாய்ப்பு. கை நடுக்கத்தைச் சமாளிக்க, லென்ஸை மிதக்கவிட்டுக் காந்தவிசையால் நகர்த்தும் ஓஐஎஸ் என்ற அமைப்பு பல போன்களில் இருக்கிறது. சக்திவாய்ந்த பைக் இன்ஜினின் அதிர்வு ஹேண்டில் வழியாக நேரே வந்தால் கேமராவின் திறன் குறையலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. ஆண்ட்ராய்டிலும் அமைப்பு இதேதான். காந்தம் பதித்த கவரோ பிடிப்பானோ இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், சில சமயம் அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் மாட்யூலை மாற்றத்தான் வேண்டும். மாற்றிய பிறகு போன் சட்டைப்பையில் இருக்கட்டும், வழியைக் காதில் கேட்டுக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: அணைத்திருக்கும் போனை ஆட்டினால் ‘டக் டக்’ என்று சத்தம் வருவது ஓஐஎஸ் உள்ள போன்களில் சகஜம், அதைக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: லென்ஸுக்குள் ஆவி படிந்திருக்கிறது. ஐபி68 போன், வாரண்டியும் இருக்கிறது. இலவசமாகச் சரிசெய்து தருவார்களா?

பதில்: பெரிதாக நம்பாதீர்கள். ஐபி68 என்பது தூசும் தண்ணீரும் தாங்கும் திறனுக்கு, சுத்தமான தண்ணீரில் சோதனைக்கூடத்தில் வாங்கிய மதிப்பெண். தண்ணீரைத் தடுக்க உள்ளே இருக்கும் பசை நாளாக நாளாகத் தளரும். தண்ணீரால் வந்த சேதத்தைப் பல நிறுவனங்களின் வாரண்டி ஏற்பதில்லை. பல போன்களில் ஈரம் பட்டால் நிறம் மாறும் ஒட்டுத்தாள் உள்ளே இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் சர்வீஸ் சென்டரில் முடிவு சொல்வார்கள். இருந்தாலும் கேட்டுவிடுங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை சார்ஜ் போட வேண்டாம், அரிசிப் பானையிலும் புதைக்க வேண்டாம். தூசும் மாவும் துளைகளுக்குள் போவதுதான் மிச்சம்.

பழுதுக்குக் கொடுக்கும் முன் படங்களை வேறிடத்தில் சேமித்து, சிம்மைக் கழற்றிக்கொள்ளுங்கள். போனைத் திறக்கும் பின் (PIN) நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் படங்களும் மெசேஜ்களும் கண்ணில் படாமலே அவர்கள் கேமராவைச் சோதிக்கலாம். கடையில் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பழைய மாட்யூலைத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.