வரம்பும் வரப்பும்

கேள்வி: நானும் கணவரும் மாதச் சம்பளக்காரர்கள். இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 34 லட்சம் வருகிறது. மகளைப் பொறியியல் சேர்க்க வேண்டும். எந்த உதவியைக் கேட்டாலும் 'வருமான வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்' என்கிறார்கள். ஒழுங்காக வரி கட்டும் எங்களுக்கு அரசு என்னதான் செய்கிறது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வரம்பு என்றதும் எனக்கு வயல்தான் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தில் வயல் வரப்பை இன்றும் வரம்பு என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் வரப்புத் தகராறு இல்லாத வருடமே கிடையாது. பக்கத்து வயல்காரர் ஒவ்வொரு உழவுக்கும் மண்வெட்டியால் ஓரத்தைக் கொஞ்சம் செதுக்குவார். பத்து வருடம் போனால், இரண்டு பேர் எதிரெதிரே நடந்த வரப்பில் ஒற்றைக் கால் வைக்கத்தான் இடம் இருக்கும். வருமானச் சான்றிதழிலும் இந்தச் செதுக்கல் நடக்கிறது. சொந்தத் தொழில் செய்கிறவர்களில் சிலர் கணக்கைக் குறைத்துக் காட்டி வரம்புக்குள் வந்துவிடுகிறார்கள். உங்கள் சம்பளமோ அலுவலகம் தரும் வரிச் சான்றிதழில் பைசா விடாமல் வந்துவிடுகிறது. இதில் உங்கள் கோபம் நியாயம்.

மற்றபடி நான் உங்கள் கட்சி இல்லை. ஐஐடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் பி.டெக். கட்டணம் ஆண்டுக்கு 90 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் ஆனது. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் முழுத் தள்ளுபடி, 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி என்று அப்போது வகுத்தார்கள். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முழு விலக்கு. மற்றவர்களுக்கு 5 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் கூடினாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,33,000 ரூபாய் சலுகை போய்விடும். அங்கே வழுக்கி விழுகிறவர் 5 லட்சத்துப் பத்தாயிரம் வாங்கும் பேருந்து நடத்துநர். நீங்கள் அந்த வரப்புக்கு எத்தனையோ வயல் தள்ளி நிற்கிறீர்கள்.

வரப்புப் போடுகிற விவசாயி அதில் மடையும் வெட்டுவார். மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்கு அப்படித்தான் போகும். அரசு போடும் வரம்புக்கும் மடை வேண்டும். வருமானம் ஏற ஏற உதவி படிப்படியாகக் குறைய வேண்டும், ஒரே வெட்டாக நிற்கக் கூடாது. இதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன்.

சரி, உங்களுக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லையா? பழைய வரிமுறையில், கல்விக் கடன் வட்டி முழுவதையும் 8 ஆண்டுகள் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு உச்சவரம்பே கிடையாது! வரி கட்டுகிறவருக்குத்தான் அந்தச் சலுகை. புதிய முறையில் இது இல்லை, ஆகவே இரண்டையும் ஆடிட்டரிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டமும் இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள கல்லூரியில் தகுதி அடிப்படையில் இடம் கிடைத்தால், அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கேட்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் என்ற வரம்பு 3 சதவீத வட்டிச் சலுகைக்கு மட்டும்தான்.

கடன் மகள் பெயரில் இருக்கட்டும், நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை பொதுவாகத் தவணை கேட்க மாட்டார்கள், ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அதை நீங்கள் மாதாமாதம் கட்டிவிடுங்கள். அப்புறம் அசலை அவள் சம்பாதித்துக் கட்டுவாள். பி.எஃப். பணத்தைத் தொடவே வேண்டாம். அவள் கல்யாணத்துக்கென்று லாக்கரில் நகை இருந்தால், முதல் வருடக் கட்டணத்துக்கு அதை எடுங்கள். அவளுக்காகச் சேர்த்ததுதானே, அவள் படிப்புக்கு உதவட்டும்.

நன்கொடை என்று ரசீதில்லாமல் கேட்கிற கல்லூரிக்கு மட்டும் ஒரு பைசா தராதீர்கள். தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே அதைத் தடை செய்கிறது. வங்கி அதற்குக் கடன் தராது. உங்களைப் போல் கொடுக்க முடிந்தவர்கள் பையில் கொண்டுபோய்க் கொடுப்பதால்தான் அந்த விலை ஏறிக்கொண்டே போகிறது, அந்த நடத்துநர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே விலையைச் சொல்கிறார்கள். உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் தேதியோடு எனக்கு எழுதுங்கள். கட்டண நிர்ணயக் குழுவுக்கு நானே மனுப் போடுகிறேன்.